எஃப் ஒன்றில் சேவல்

திரை விலக முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது சேவல் கூவ மறுத்தது.

ரூசே நகர பொம்மலாட்ட அரங்கில் ஒலிப் பொறுப்பு என்னுடையது. நாடகத்தின் சத்தங்கள் எல்லாம் என் மடிக்கணினியின் மேல்வரிசை விசைகளில் இருக்கின்றன. எஃப் ஒன்றைத் தட்டினால் சேவல், இரண்டில் இடி, ஐந்தில் ஓநாய். இன்றுதான் முதல் காட்சி. எஃப் ஒன்றைத் தட்டினேன். இருந்த சத்தமும் அடங்கியது. ஐந்தைத் தட்டினேன், கணினித் திரை மங்கியது. மறுபடி தட்டினேன், இன்னும் மங்கியது.

"என்ன ஆச்சு, ஸோர்னிட்சா?" இயக்குநர் அஸ்பாரு பின்னால் வந்து நின்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முந்தைய நாள் மாலை கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். 'முதல் காட்சி முடியும்வரை அதில் கை வைக்காதே, வைத்தால் உனக்கு இங்கே வேலை இல்லை' என்று அவர் சொல்லி நான்கு நாள்தான் ஆகிறது.

வாய் தானாக வேறொன்றைச் சொன்னது. "தண்ணி பட்டுடுச்சு சார். காலைல டோன்கா அக்கா வாசல்ல ஊத்தினாங்கல்ல, பையில தெறிச்சிருக்கு."

பொம்மைகளுக்கு உடை தைக்கும் டோன்கா அக்கா, ஒவ்வொரு முதல் காட்சியன்றும் எங்கள் காலடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாமல் விட மாட்டார். காரியம் தண்ணீர் மாதிரி ஓடுமாம்.

அஸ்பாரு போட்ட சத்தத்தில் அக்கா முடி உலர்த்தும் கருவியோடு ஓடி வந்தார்.

"ரெண்டு சொட்டுதான்யா தெறிச்சது!"

"ரெண்டு சொட்டுல நாடகமே முழுகிப் போச்சு! உங்க சகுனத்தை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா?"

அக்கா முகம் சிவக்க விசைகளுக்கு அனல் காற்று அடித்தார். பதினைந்து நிமிடம் போயிற்று. ஐந்தைத் தட்டினால் இன்னமும் மங்கல்தான். வெளியே நூற்றிருபது பிள்ளைகள் கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அஸ்பாரு, எனக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்து, இப்போது வர்னா நகரில் இருக்கும் லூபெனைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொல்லி, ஒலிபெருக்கியில் போட்டார்.

"தண்ணி பட்டா விசை செத்துப்போகும்," என்றான் லூபென். "அஞ்சு மேல என்ன படம் போட்டிருக்கு?"

"சூரியன்," என்றேன். "சின்னதா."

"ஒண்ணு மேல?"

"குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கர்."

"அப்புறமென்ன? படத்துல போட்டதை ஒழுங்காத்தானே செய்யுது! நேத்துலேர்ந்து என்னத்தை மாத்தினே?"

நான் சூரியன் படத்தையே விரலால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அடியேய், நேரம் போறது உனக்கா எனக்கா? மாத்தினதைச் சொன்னாத்தான் வழி சொல்ல முடியும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அனல் காற்று என் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இயங்குதளத்தை," என்றேன். "நேத்து சாயங்காலம்."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா? புதுப் பதிப்பு விசையையெல்லாம் படத்துல இருக்கிற வேலைக்கு மாத்திடுச்சு. முதல்ல ஒண்ணைத் தட்டி அடைச்ச சத்தத்தைத் திற, அப்புறம் எஃப்என் விசையை அழுத்திக்கிட்டே எஸ்கேப்பை ஒரு தட்டு தட்டு."

தட்டினேன். பிறகு எஃப் ஒன்று. சேவல் அரங்கம் அதிரக் கூவியது. கதவுக்கு வெளியே நூற்றிருபது சேவல்கள் பதில் கூவின.

அஸ்பாரு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "முடிஞ்சதும் என் அறைக்கு வா."

காட்சியில் ஒரு சத்தம்கூடத் தவறவில்லை. அறைக்குப் போனபோது டோன்கா அக்கா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்.

"திட்டு வாங்கினது நான்," என்றார் அஸ்பாருவிடம். "தண்டனையும் நான்தான் சொல்வேன்."

அஸ்பாரு நாற்காலியில் சாய்ந்தார். அக்காவை வீணாகத் திட்டியது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

"வேலையை விட்டு அனுப்பினா மகராசி தூங்கப் போயிடுவா. இருக்கட்டும். இந்த வருஷம் முழுக்க, காட்சி முடிஞ்சதும் பன்னெண்டு செம்மறிப் பொம்மைக்கும் இவதான் கம்பளி சீவணும்."

"இன்னைக்கேவா, அக்கா?"

"இப்பவே."

மூன்றாவது ஆட்டிலேயே சீப்பு உடைந்தது.