ரொட்டி வாங்கப் போனவள்

"கோட்டைக் கொடு, எல்மாஸ். ஜும்மாவுக்கு நேரமாச்சு. தொழுதுட்டு அப்படியே சங்கக் கூட்டத்துக்குப் போகணும்."

எல்மாஸ் கொடுக்கவில்லை. கோட்டை மார்போடு அணைத்தபடி வாசல் கதவில் சாய்ந்து நின்றாள். கதவைத் திறக்க வேண்டுமானால் வெஹ்பி அவளைத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவள்மேல் கை வைத்தவனில்லை.

"இன்னிக்காவது சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"சொல்றேன்னு சொன்னேன்ல."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. அங்க போயி கூரை ஒழுகுறதைப் பத்திப் பேசிட்டு வந்தீங்க."

"கூரை ஒழுகுச்சு, பேசினேன்."

"சரி, கூரைக்கு வாயில்ல, அதுக்காக நீங்க பேசினீங்க. எனக்கு வாயிருக்கு, ஆனா அந்தக் கூட்டத்துக்குள்ள விட மாட்டாங்க. நான் யாரை அனுப்புறது, சொல்லுங்க?"

உள்ளே அடுப்படியில் அவள் தங்கை நாஜியே சூப்புக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவுக்காக அவளும் கிண்ணங்களைக் கொஞ்சம் பலமாகவே மோதவிட்டாள்.

எல்மாஸுக்கு அந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது தடவையாகக் காய்ச்சல் வந்து போயிருந்தது. அடிவயிற்றில் குத்து, நீர் போனால் எரிச்சல். "நிறையத் தண்ணி குடி, அடக்கி வைக்காதேம்மா" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தாள். "அந்தம்மாவை ஒரு நாள் நம்ம வளாகத்துக்குக் கூட்டிட்டு வாங்க. அடக்காம எங்க விடுறதுன்னு அவங்களே இடம் காட்டட்டும்" என்றாள் எல்மாஸ். சொல்லிவிட்டுக் கோட்டை அவன் தோளில் போட்டாள். கோபத்திலும் காலரைச் சரி செய்துவிட மறக்கவில்லை.

வெஹ்பி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போகலாம்.

துருக்கியின் அன்தெப் நகருக்கு வெளியே, சுற்றுச்சாலையை ஒட்டி, ஷூவும் செருப்பும் செய்கிற சிறு பட்டறைக்காரர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கட்டிக்கொண்ட வளாகம் அது. ஆளுக்கொரு பங்கு, ஆளுக்கொரு பட்டறை. மின்சாரம், தண்ணீர், சாக்கடை, காவல், பனி விழுந்தால் பாதையிலிருந்து தள்ளுவது எல்லாம் பொது. அந்தப் பொது வேலைக்கெல்லாம் சம்பளம் வாங்குகிற மேலாளர் வெஹ்பி. தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடையில் தலை சுற்றுகிறது என்று ஒருவன் வந்தால் காற்றாடி வைத்துக் கொடுப்பான். டிரான்ஸ்பார்மர் வெடித்தால் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். வளாகத்தில் அடைத்துக்கொண்ட எதையும் அவன் திறந்துவிடுவான் என்று ஆட்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆண்களுக்கு ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் கக்கூஸ் இருந்தது. வளாகத்துப் பள்ளிவாசலுக்குக் கீழேயும் இருந்தது. பெண்களுக்கு எங்கேயும் கிடையாது. ஏனென்றால் அங்கே பெண்களே கிடையாது. அப்படித்தான் காகிதத்தில் இருந்தது. பட்டறைகளின் பின்னறையில், திரைக்கு அந்தப் பக்கம், மெஷினில் குனிந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்தவர்கள் எல்லாம் "வீட்டு ஆளு": பெண்டாட்டி, மகள், மருமகள், கொழுந்தியாள். எல்மாஸும் நாஜியேயும் அப்படித்தான் அவர்களுடைய சித்தப்பா பட்டறையில் தைத்தார்கள்.

சுற்றுச்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே ஒரு பெண்கள் கக்கூஸ். தாங்க முடியாதவள் சாலையைக் கடந்து அங்கே போய் வருவாள். மற்றவர்கள் தாங்கினார்கள். காலையில் தேநீர் கிடையாது, மத்தியானம் மோர் கிடையாது. கோடையில் ஆண்கள் தர்பூசணி வெட்டினால், "வேணாம், எனக்குப் பிடிக்காது" என்பார்கள். பட்டறையில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் எப்படித் தர்பூசணி பிடிக்காமல் போனது என்று ஒருவனும் யோசிக்கவில்லை.

வெஹ்பிக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் கூடிய இடத்தில் பெண்டாட்டி பெயரைச் சொல்வதே மரியாதைக் குறைச்சல். 'வீட்டுல' என்போம், அவ்வளவுதான். பெயரையே சொல்லக்கூடாது என்றால் அவளுடைய மூத்திரத்தை எப்படிச் சொல்வது?

தொழுகை முடிந்து, கூட்டத்துக்குப் படியேறும்போது சங்கத் தலைவர் ஹாஜி துர்முஷ் அவன் தோளில் கை போட்டார்.

"வெஹ்பி, அந்தச் சமாச்சாரத்தை எடுக்கப் போறியாமே. காதுல விழுந்துச்சு."

"ஒரு ரெண்டு கக்கூஸ்தான், ஹாஜி அண்ணே. மூணாம் வரிசைக்குப் பின்னாடி இடமிருக்கு, சாக்கடையும் பக்கத்துலயே போகுது."

"இடமா இல்ல? புத்திதான் இல்ல உனக்கு. பொம்பளைங்களுக்குன்னு கட்டினா, இங்க பொம்பளைங்க வேலை செய்றாங்கன்னு நாமளே போர்டு மாட்டின மாதிரி. நாளைக்கே லேபர் ஆபீஸ்காரன் வந்து, எங்கய்யா இவங்களுக்கு இன்சூரன்ஸுன்னு நிப்பான். ஒவ்வொரு பட்டறையும் மூட வேண்டியதுதான். அப்புறம் உன் வீட்டுல தைக்கிறதுக்கு மெஷினே இருக்காது, பார்த்துக்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுவும் போக, இத்தனை ஆம்பளைங்க முன்னாடி இதைப் பேசினா, உன் பொண்டாட்டிக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைப்பானுங்க. தேவையா உனக்கு?"

கூட்டம் நன்றாகவே நடந்தது. தட்டுத் தட்டாகத் தேநீர் வந்தது. ஆளாளுக்கு மூன்று, நாலு தம்ளர் குடித்தார்கள். நடுநடுவே எழுந்து கீழே போய்விட்டு, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். வெஹ்பி எழுந்து டிரான்ஸ்பார்மரைப் பற்றிச் சொன்னான். கூரைத் தகடு பற்றிச் சொன்னான். முன்கேட் துருப்பிடித்ததைச் சொன்னான். எல்லாவற்றுக்கும் கைகள் உயர்ந்தன. கடைசியில், வேறு ஏதாவது வேண்டுகோள் உண்டா என்று தலைவர் கேட்டார்.

வெஹ்பி எழுந்தான்.

"ஒரு விஷயம் இருக்கு."

"சொல்லுடா, வெஹ்பி. கல்யாணப் பொண்ணாட்டம் ஏன் நெளியிற?" என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரித்தார்கள்.

அத்தனை முகங்களும் அவனைப் பார்த்தன. அதில் பாதி முகங்கள் வீட்டில் இதே சண்டையைக் கேட்டுவிட்டு வந்தவைதான்.

"நாய்த் தொல்லை ஜாஸ்தியாயிடுச்சு" என்றான்.

நாய்களைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். நகராட்சிக்குச் சொல்லலாம் என்றார்கள். பாவம், பசிக்குத்தானே வருகிறது, எலும்பு போட ஓர் இடம் ஒதுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். முன்கேட்டுக்குப் பக்கத்தில் ஒதுக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்மாஸ் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பேசினீங்க?"

"நாய்ங்களைப் பத்தி."

கோட்டை வாங்கி மாட்டினாள். சாப்பாடு வைத்தாள். ஒரு பாட்டம் கத்தித் தீர்த்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம், பனிமூட்டம் இறங்கியிருந்த ஒரு காலையில், எல்மாஸ் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். காய்ச்சல் திரும்பியிருந்தது. "நானும் வரேன்க்கா" என்றாள் நாஜியே. "ரெண்டு பேரும் போனா சித்தப்பா மூஞ்சியைத் தூக்குவாரு. நீ தை, இதோ வந்துடுறேன்" என்றாள் எல்மாஸ். சுற்றுச்சாலையில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி அவளைப் பார்க்கவே இல்லை. டிரைவர் இறங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வெஹ்பி வந்தபோது யாரோ அவள் முகத்தை அவளுடைய சால்வையாலேயே மூடியிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் கேட்டார்.

"உங்க சம்சாரமா? இந்தப் பக்கம் எங்க போனாங்க?"

சுற்றிலும் வளாகத்து ஆண்கள் நின்றிருந்தார்கள். தலைவரும் நின்றிருந்தார்.

"ரொட்டி வாங்க" என்றான் வெஹ்பி.

அந்தப் பக்கம் ரொட்டிக்கடையே கிடையாது. இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. "பாவம், ரொட்டி வாங்கப் போனா" என்று பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் திருப்பிச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது.

அடக்கம் முடிந்தது. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், சாவு வீட்டு வழக்கப்படி அல்வா கிண்டினார்கள், போனார்கள். வெஹ்பி அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது அவள் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குப் போனான். பியூஸ் மாற்றினான். கூரைக்குப் புதுத் தகடு வந்தது, இறக்கி வைத்தான். யாராவது கேட்டால் பதில் சொன்னான், கேட்காவிட்டால் பேசாமல் இருந்தான். நாஜியே வைத்ததைச் சாப்பிட்டான். அவளும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாளே அவள் மெஷினுக்குத் திரும்பியிருந்தாள். தைக்க வேண்டிய தோல் குவிந்து கிடந்தது.

ஒரு நாள் தலைவர் அவனை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நிர்வாகக் குழுவுல பேசினோம், வெஹ்பி. உன் வீட்டுல இருந்தவங்க ஆத்மாவுக்கு ஒரு நன்மை சேரணும். முன்கேட்டுல குடிதண்ணிக் குழாய் வைக்கிறோம். பளிங்குல. போறவன் வர்றவன் குடிச்சிட்டு அவங்களுக்காக ஒரு பாத்திஹா ஓதட்டும். செலவு முழுக்க சங்கத்துது."

வெஹ்பி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அதுக்குப் பதிலா ஒரு கக்கூஸ் கட்டி அவ பேரை வைக்கலாமே, ஹாஜி அண்ணே."

தலைவர் நிஜமாகவே பதறிப்போனார். "அஸ்தக்ஃபிருல்லா. கக்கூஸ்ல மவுத்தானவங்க பேரா? அங்க நின்னு யாருடா பாத்திஹா ஓதுவான்? மனசு சரியில்லாம பேசுற. போ, போயி முகம் கழுவு."

அவர் அன்போடுதான் சொன்னார். அவன் போய் முகம் கழுவினான்.

குழாய் போடுவதும் மேலாளர் வேலைதானே. பள்ளம் வெட்ட ஆள் பிடித்ததும், பெரிய பைப்பிலிருந்து இணைப்பு எடுத்ததும், குளிரில் உறையாமல் இருக்கப் பைப்பைச் சுற்றிச் சாக்குக் கட்டியதும் வெஹ்பிதான். வழிந்து போகிற தண்ணீருக்குச் சாக்கடை வேண்டுமே, அதையும் இழுத்தான். பளிங்குக்காரன் கல்லை இறக்கினான். உயிரோடு இருந்தவரை நாலு பேர் முன்னால் உச்சரிக்கக் கூசிய பெயரை, ஊரே பார்க்கிற மாதிரிப் பெரிதாகச் செதுக்கியிருந்தார்கள். வெஹ்பி ஈரத்துணியால் அந்த எழுத்துகளில் இருந்த தூசியைத் துடைத்தான். அப்போதும் அவனுக்கு வலி ஒன்றும் தெரியவில்லை.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும். வளாகத்து ஆண்கள் எல்லாரும் குழாயைச் சுற்றி நின்றார்கள். பெண்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். காகிதத்தில் இல்லாத பெண்கள் ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் வந்து, பின்னால் சுவரோரமாகக் கூட்டமாக நின்றார்கள். அவ்வளவு பேர் இருப்பார்கள் என்று வெஹ்பிக்கே தெரியாது.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நம்ம சகோதரி, குடும்பத்துக்காக உழைச்சவங்க. ரொட்டி வாங்கப் போன இடத்துல உயிர் போச்சு. வீட்டுக்கு ரொட்டி கொண்டு வரப் போனவங்க நேரா சொர்க்கத்துக்குத்தான் போவாங்க..."

"ரொட்டி வாங்கப் போகல" என்றான் வெஹ்பி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். தலைவர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அப்புறம் பேசலாம், வெஹ்பி."

"எல்மாஸ் ரொட்டி வாங்கப் போகல. என் பொண்டாட்டி எல்மாஸ். ஒண்ணுக்குப் போகப் போனா. இங்க போக இடமில்ல, அதான் ரோட்டைத் தாண்டிப் போனா. அன்னிக்குக் கூட்டத்துல நான் இதைத்தான் சொல்ல எழுந்தேன். வெட்கப்பட்டுக்கிட்டு நாயைப் பத்திப் பேசிட்டேன்."

"வாயை மூடுடா. செத்தவளை அசிங்கப்படுத்தாத" என்றார் தலைவர், உதடு அசையாமல்.

வெஹ்பி வாயை மூடிக்கொண்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. எல்லாரும் தலையைக் குனிந்து தாங்கள் செய்த ஷூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் இமாமுக்குக் கண்ணைக் காட்ட, அவர் அவசரமாக துஆவை ஆரம்பித்தார். கைகள் ஏந்தப்பட்டன, ஆமீன் சொன்னார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி ஆமீன் கொஞ்சம் பலமாகவே வந்தது.

தலைவர் தாமே குழாயைத் திறந்தார். தண்ணீர் பளபளவென்று வந்தது. புதுத் தம்ளரில் பிடித்து, முதல் தண்ணீர் இறந்தவளின் ரத்த உறவுக்குத்தான் சேர வேண்டும் என்று சொல்லி, சுவரோரம் நடந்து போய் நாஜியேயிடம் நீட்டினார்.

"குடிம்மா. உங்க அக்கா பேருல உள்ள தண்ணி. முதல்ல நீதான் குடிக்கணும்."

நாஜியே இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். வளாகமே அவளைப் பார்த்தது. அவள் தம்ளரைப் பார்த்தாள்.

"வேணாம், ஹாஜி மாமா. சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கு."

தம்ளரைத் தளும்பத் தளும்ப அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.