பார்த்துக்கோங்க என்றேன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜைனுதீன் நானா நல்ல மனிதர். மாத்தளைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். நல்ல மனிதர்கள் செய்கிற நாசத்துக்கு ஈடு எதுவும் இல்லை. கெட்டவன் என்றால் கதவைச் சாத்தி வைப்போம். நல்லவரை நாமே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து உட்கார வைக்கிறோம்.

என் பெயர் ஜஸ்லா. வாப்பா நடத்திய கேம் கடை இப்போது தம்பி இப்திகாரின் பெயரில் இருக்கிறது. கடையைத் திறப்பது நான், கூட்டுவது நான், மெஷின் பழுதானால் பின்பலகையைக் கழற்றிக் கொண்டு உட்காருவதும் நான். பெயர் மட்டும் அவனுடையது. அந்த வழக்குக்குள் போனால் இந்தக் கதை முடியாது, விடுங்கள்.

கடையில் இருப்பதிலேயே பழையது ரொக்கெட் மெஷின். ஆள் உயர மரப்பெட்டி, கறுப்புத் திரை, ஒரு கைபிடி, இரண்டு பொத்தான். திரை நடுவில் ஒரு சின்னக் கப்பல் நிற்கும். நாலு பக்கமும் கல் பறந்து வரும், சுட வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்கு முடிவு கிடையாது. ஒரு காசு போட்டால் கையில் உள்ள கப்பல்கள் தீரும் வரை ஆடலாம், புள்ளி ஏற ஏற மேலும் கப்பல் கிடைக்கும். கெட்டிக்காரர்கள் ஒரு பகல் ஓர் இரவு என்று தாண்டி ஆடுவார்கள். நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

போன வருடம் அந்த மெஷினில் பெரிய புள்ளி ஒன்று எடுத்தேன். நம் நாட்டில் யாரும் கிட்ட வராத புள்ளி. திரையைப் படம் பிடித்து, பழைய மெஷின் சாதனைகளைப் பதிந்து வைக்கிற ஒரு முகநூல் பக்கத்துக்கு அனுப்பினேன். அதை நடத்துகிறவன் கொழும்பில் இருக்கிற றுஸ்தி என்றொருவன். அவன் எல்லோருக்கும் தெரியும்படி பதில் எழுதினான்: 'சகோதரி, திரை தெரிகிறது, கை தெரியவில்லை. தம்பி ஆடியதை உங்கள் பெயரில் போடாதீர்கள்.' அதற்குக் கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள்.

வயிறு எரிந்தது. அதைவிட எரிந்தது அடுத்த நாள். கடைத்தெருவில் இரண்டு பேர் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொல்ல, அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். இல்லை, அது ராத்தா ஆடியது என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"விடுங்க ராத்தா, யாரு ஆடினா என்ன, நம்ம கடைக்குத்தானே பேரு" என்றான்.

விடவில்லை. மறுபடி ஆடுவதென்று முடிவு செய்தேன். றுஸ்தியிடமே விதிமுறை கேட்டேன். கையும் திரையும் சேர்ந்து தெரியும்படி தொடர்ந்து நேரலையில் வர வேண்டும். பக்கத்தில் சாட்சி ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆடுகிறவர் சாப்பிடவோ வேறு தேவைக்கோ எழுந்து போகலாம், அந்த நேரம் கப்பல்கள் தம் பாட்டில் வெடித்துச் சாகும், அது அவருடைய நட்டம். ஆனால் தொடங்கிய கையைத் தவிர வேறு கை மெஷினில் படக்கூடாது. பட்டால் அத்தோடு சரி.

பயிற்சி எடுத்து, நாள் பார்த்து வைத்திருந்தபோது தம்பி மெஷினை விற்றுவிட்டான். ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு விடுதிக்காரருக்கு, வரவேற்பறையில் அழகுக்கு வைக்க. திங்கட்கிழமை காலை லொறி வரும் என்று வியாழக்கிழமை இரவு சோறு சாப்பிடும்போது சொன்னான். சண்டை பிடித்தேன். பிளேட்டை எடுத்து வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. கடைசியில், சனி ஞாயிறு இரண்டு நாளும் மெஷின் என்னுடையது, சாட்சிக்கும் அவனே உட்கார வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வைத்தேன். இருந்தது அந்த ஒரே ஒரு வாய்ப்பு.

சனிக்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து காசைப் போட்டேன். மதியத்துக்குள் கப்பல்கள் நன்றாகச் சேர்ந்துவிட்டன. சேர்த்து வைத்து, எழுந்து போகும்போது அவற்றைச் சாகக் கொடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் வழி. எனக்கு ஒவ்வொரு தொழுகையும் கொஞ்சம் கப்பல் செலவு. ஆட்டம் முடியும் வரை தொழுகையைத் தள்ளிப் போடலாமே என்று நேரலையில் புத்தி சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை. கை வேலையாக இருந்தது, அவர்களுடைய அதிர்ஷ்டம்.

தம்பி சாட்சிக் கதிரையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான், பணிஸ் தின்றான், நான் தொழப் போகும்போதெல்லாம் கப்பல்கள் வெடிப்பதைச் சினிமா பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என் ஆட்டத்தில் அக்கறை இல்லை. அதுவே எனக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு என் உடம்பில் கை இரண்டு மட்டும்தான் மிச்சம் இருந்தது. முதுகு இல்லை, கால் இல்லை. போன வருடப் புள்ளியை எட்டிப் பிடிக்க இன்னும் கொஞ்சம்தான். ஒரு மாலை ஆடினால் போதும். கப்பலும் தாராளமாகக் கையிருப்பில் இருந்தது. அப்போது தம்பிக்குப் போன் வந்தது. விடுதிக்காரர் றத்தோட்டைக்கு வந்திருக்கிறார், உடனே வந்து பார்க்கச் சொல்கிறார் என்றான். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கத்தினேன்.

"சாட்சி இல்லாம எப்படிடா?"

"பக்கத்துக் கட நானாவை வச்சிட்டுப் போறேன். அவர்தான் ஒங்கட ஆட்டத்த என்னைவிடக் கூடப் பார்த்திருக்கார்."

உண்மைதான். ஜைனுதீன் நானாவின் கடை எங்கள் கடைக்கு ஒட்டினாற்போல. ஆணி, கயிறு, பெயின்ட். வியாபாரம் மந்தமான நேரம் என் பின்னால் வந்து நின்று பார்ப்பார். ஆள் இல்லாதபோது தானும் ஒரு காசு போட்டு ஆடுவார், மோசமாக ஆட மாட்டார். றுஸ்தி எழுதியதை வாசித்தபோது என்னைவிட அவர்தான் கூடத் துடித்தார். 'அவனுக்கு உம்மா ராத்தா இல்லியா' என்று கேட்டார். வந்து கதிரையில் உட்கார்ந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, போன் கமெராவுக்கு ஸலாம் சொன்னார்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆனதும் எழுந்தேன். எழும்பும்போது சொன்னேன்:

"நானா, நான் தொழுதுட்டு வாறேன். பார்த்துக்கோங்க."

எங்கள் கடைத்தெருவில் இந்த வார்த்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழும் என்று சொல்ல முடியாது. ஒருவர் பள்ளிக்குப் போவார், கடையைப் பூட்ட மாட்டார். பக்கத்துக் கடைக்காரரிடம் 'பார்த்துக்கோங்க' என்பார். பார்த்துக்கொள்கிறவர் சும்மா கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஆள் வந்தால் எடுத்துக் கொடுப்பார், நிறுப்பார், காசை வாங்கி லாச்சியில் போடுவார். தொழுதுவிட்டு வந்தவர் ஒரு தலையாட்டலோடு தன் இடத்தில் உட்காருவார். வாப்பா காலத்திலும் அப்படித்தான். நானே ஜைனுதீன் நானாவின் கடையில் எத்தனையோ தடவை ஆணி நிறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நான் சொன்னது கண்ணால் பார்க்கச் சொல்லி. அவருக்குக் கேட்டது கடைத்தெருப் பாஷை.

பின்னறையில் கை கால் கழுவி வுளூ செய்து தொழுதேன். தொழுகையில் கப்பல் வெடிக்கிற சத்தம் கேட்கவில்லை. மனம் ஒருமைப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு வெளியே வந்தால், ஜைனுதீன் நானா மெஷின் முன்னால் காலை அகட்டி நிற்கிறார். வலது கை பொத்தானில், இடது கை பிடியில், மணிக்கட்டில் அந்தத் தங்க நிறக் கடிகாரம். நெற்றியில் வியர்வை.

"ஒன்டுக்கும் யோசிக்க வாணாம் மகள்," என்றார், திரும்பிப் பார்க்காமலே. "ரெண்டு கப்பல்தான் போச்சு. மத்ததெல்லாம் பத்திரம். புள்ளியும் கொஞ்சம் ஏறியிருக்குது."

போனைப் பார்த்தேன். கருத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. 'கை மாறிட்டு.' 'ஆம்பிளக் கை.' 'கடிகாரத்தப் பாருங்கடா.' எல்லாவற்றுக்கும் மேலே றுஸ்தி: 'நான் போன வருசமே சொன்னேன்.'

"நானா, நீங்க என்ன செஞ்சீங்க?"

"நீங்க பார்த்துக்கோங்கன்னு சொன்னீங்களே."

"சாட்சியா இருக்கத்தானே சொன்னேன். வேற கை படக்கூடாதுன்னு தம்பி சொல்லல்லியா?"

"சொன்னான். வேற ஆள் ஆடக்கூடாதுன்னுதானே. நான் ஆடல்லியே மகள், பார்த்துக்கிட்டேன். நீங்க ஒரு ராவும் பகலும் நின்னு சேர்த்த கப்பல். ஒவ்வொன்டா வெடிக்குது, நான் கையக் கட்டிக்கிட்டு இருக்கவா? ஏன்ட கடையில நீங்க ஆணி வித்தா அது யாருட யாவாரம்? ஏன்ட யாவாரம்தானே. அப்படித்தான் இதுவும். ஆட்டம் ஒங்கட, புள்ளி ஒங்கட. கை மட்டும்தான் ஏன்ட."

"கைதான் நானா கணக்கு," என்றேன். "கை மட்டும்தான் கணக்கு."

அவருக்கு விளங்கவில்லை. ஒரு கல்லைச் சுட்டுவிட்டு, "இந்தாங்க, புடிங்க. நானும் தொழணும்" என்றார்.

நான் பிடிக்கவில்லை. சாட்சிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். போனை அணைத்தேன். றுஸ்திக்குச் சிரிக்கக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனி நடப்பதையும் பார்க்கக் கொடுக்க மாட்டேன்.

"மகள்?"

"நீங்களே பார்த்துக்கோங்க."

சிரித்தார், பகிடி என்று நினைத்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கடைக்கு உரியவர் வந்து உட்காரும் வரை பார்த்துக்கொள்கிறவர் எழும்ப மாட்டார், அதுதான் எங்கள் தெருவின் வழக்கம். பக்கத்தில் அவருடைய கடையில் யாரோ சிங்களத்தில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஆடினார். கப்பல் ஒன்று போனால் 'ச்ச' என்பார், உடனே என்னைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன்.

"கோபமா மகள்?"

"ஓம்."

"எடுத்து ஆடுங்களேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

கமெராவில் ஊரே பார்த்திருக்கிறது, இவர் யாருக்கும் சொல்ல மாட்டாராம். பேசினால் அந்த வயதான மனிதரிடம் பேசக்கூடாததெல்லாம் பேசியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் அன்றைக்கு நான் அவருக்குச் செய்த மரியாதை.

வெயில் வாசலில் இருந்து எதிர்க் கடைக்கு ஏறியது. அவர் இரண்டு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போகுது மகள்" என்றார் ஒரு தடவை. எனக்குக் கேட்டது. நான் எழும்பியிருக்கலாம். அந்தக் கைபிடியைத் தொட்டால் அது என் ஆட்டம் என்று நானே ஒத்துக்கொண்டது போலாகும். அது என் ஆட்டம் இல்லை. என் ஆட்டம் நான் ஸஜ்தாவில் நெற்றி வைத்திருந்தபோது முடிந்துவிட்டது.

இடையில் திரையில் போன வருடப் புள்ளியைத் தாண்டியது. அவர்தான் தாண்டினார். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லி என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். அதன் பிறகு கை தளர்ந்துவிட்டது. மள மளவென்று கப்பல்கள் போயின. கடைசிக் கப்பல் வெடித்து, திரையில் ஆட்டம் முடிந்தது என்ற எழுத்து வந்தபோது பொழுது பட்டு, பெரிய பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு தொடங்கியது.

அவர் கைபிடியை மெதுவாக விட்டார். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"அசர் களாவாகிட்டு மகள், நேரம் தப்பிட்டு," என்றார்.

அறிவு தெரிந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு நேரத் தொழுகையைத் தவற விட்டதில்லை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கும் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"களாச் செய்யலாம் நானா, பிந்தித் தொழுதாலும் கணக்குத்தான். போங்க."

தொப்பியைச் சரி செய்துகொண்டு வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்று, காலையில் லொறி ஏறப் போகிற மெஷினை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"ஒங்கடதுக்கு?"

"அதுக்குக் களா இல்ல நானா."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுவதைப் பார்த்தும் எனக்கு ஆறவில்லை.