சிரிக்கும் கப்பி

ஆராய்ச்சி மாணவர்களின் அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் அவள் தன் மேசை இழுப்பறையைப் பூட்டுவாள். பூட்டியதை இழுத்துப் பார்ப்பாள். கதவு வரை சென்று, மனம் கேளாமல் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். தண்ணீர் குடிக்கப் போனாலும் இதே சடங்குதான். எதிர்மேசைத் தாடிக்காரன் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தான். துறை முழுவதும் அதுவே நிலைத்தது.

இருவரும் இயற்பியலில் முனைவர் பட்ட மாணவர்கள், பயிற்று உதவியாளர்கள். முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் அவர்கள் பணி. ஈடாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும். மாதாமாதம் உதவித்தொகை வரும். அடுத்த பருவத்தில் ஓர் இடம்தான் என்று துறைத்தலைவர் அறிவித்ததிலிருந்து பூட்டுக்கு உறக்கம் போயிற்று. அந்த இடம் கைநழுவினால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

"அக்கா, அவன் நல்லவன் மாதிரி நடிக்கிறான்" என்றாள் தொலைபேசியில்.

"நிஜமாவே நல்லவனா இருந்துட்டா?"

"போட்டின்னு வந்தப்புறம் எவன் நல்லவனா இருப்பான்?"

"உனக்குப் பல் விளக்குற பிரஷ்கூட வேவு பாக்குதுன்னுதான்டி தோணும்" என்று அக்கா சிரித்தாள்.

பூட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உள்ளே வந்தால் தாடி தன் விடைத்தாள்களைக் கையால் மறைத்துக்கொள்வான். ஒருவர் இடும் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியரின் கட்டளை. அவளும் அப்படித்தான் மறைத்தாள். ஆனால் அவள் மறைத்தால் அது ஒழுங்கு. அவன் மறைத்தால் அது சூது.

"அணில் கதை தெரியுமா பூட்டு?" என்றான் ஒருநாள். "கொட்டையைக் காக்கா தூக்கிடும்னு பயந்து மரம் மரமா மாத்தி ஒளிச்சு வச்சுதாம். கடைசியில எங்க வச்சோம்னு அதுக்கே தெரியலையாம்."

"காக்கா நல்லவன்னு கதையில எங்கயும் வரலையே" என்றாள் அவள்.

மறுநாள் அவன் மேசையில் ஒரு விடைத்தாள் விரிந்து கிடந்தது. கயிறு ஓடும் கப்பியை வரையச் சொன்ன கேள்விக்கு, யாரோ ஒரு குறும்புக்காரப் பிள்ளை கப்பிக்குக் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்க விட்டிருந்தது. பூட்டு குனிந்து பார்த்தாள். அது அவளுக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள் இருந்த தாள்! கட்டு வந்த அன்றே அதைத் திருத்தி, உராய்வு விசையைக் குறிக்காமல் விட்டதற்கு அரை மதிப்பெண் குறைத்துப் பூட்டி வைத்திருந்தாள். இவன் இழுப்பறையைத் திறந்து நகல் எடுத்திருக்கிறான். அவள் பிழைகளைப் பொறுக்கிப் பேராசிரியரிடம் நீட்டப் போகிறான்!

பேராசிரியர் வெளியூர் போயிருந்தார். அவள் நேரே துறைத்தலைவரிடம் போனாள். அன்று மாலையே தாடியின் பயிற்சி வகுப்பு அவள் கைக்கு மாறியது. விசாரணை முடியும்வரை அடுத்த பருவ இடத்துக்கான பட்டியலிலும் அவன் பெயர் இல்லை.

"நான் எதையும் எடுக்கல. என் கட்டுல வந்ததைத்தான் திருத்தினேன்" என்றான் தாடி. அதற்குமேல் அவன் அவளிடம் பேசவில்லை. மாணவர்கள் அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

பேராசிரியர் திரும்பியதும் இருவரையும் அழைத்தார்.

"ஏம்மா, அந்தத் தாளை அவன் கட்டுல வச்சதே நான்தான். ரெண்டு பேரும் ஒரே அளவுகோல்ல திருத்துறீங்களான்னு பார்க்க, சில தாளை நகல் எடுத்து ரெண்டு கட்டுலயும் கலந்து வச்சேன். சொல்லிட்டா உஷாராயிடுவீங்கன்னு சொல்லல. நீ திருத்தினப்புறம் அவன் நகல் எடுத்திருந்தா, உன் மதிப்பெண் அதுல தெரியணுமே?"

அந்தத் தாளை அன்று அவள் கண்ணாலேயே பார்த்தாள். அதில் தன் எழுத்து ஒரு கீற்றும் இல்லாததை மட்டும் பார்க்கவில்லை.

"உராய்வுக்கு நீ அரை குறைச்சே. அவனும் அதே அரை" என்றார் பேராசிரியர்.

தாடி எழுந்து போனான்.

பூட்டு துறைத்தலைவரின் அறைக்கு ஓடினாள். "சார், என் புகார் தப்பு. அவர் பேரைத் திரும்பச் சேர்த்துக்கோங்க."

"சேர்த்தா உன் இடம் போகலாம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வகுப்பு தொடங்கும் நேரம். தாழ்வாரத்தில் நின்ற தாடியிடம், "உள்ள வாங்க" என்றாள்.

"உன் வகுப்பு. நீயே எடு."

"பாடம் எடுக்கக் கூப்பிடல. தயவுசெஞ்சு வாங்க."

மாணவர்கள் முன் நின்று, நடந்ததில் ஒன்றையும் விழுங்காமல் சொன்னாள். முன்வரிசைப் பெண் கேட்டாள்: "அப்போ அண்ணா திருடலையா?"

"இல்ல. சந்தேகப்பட்டு அவர் பேரைக் கெடுத்தது நான்தான். இது அவரோட வகுப்பு."

சுண்ணக்கட்டியை அவனிடம் நீட்டினாள். அவன் உடனே வாங்கவில்லை. கரும்பலகையில் முந்தைய நாள் அவள் நடத்திய பாடம் அப்படியே இருந்தது.

"முதல்ல அதை அழி" என்றான்.

அவள் துடைப்பானை எடுத்து, மூலைமுடுக்கு விடாமல் தன் எழுத்தை அழித்தாள். பிறகு சுண்ணக்கட்டியை அவன் வாங்கிக்கொண்டான்.