ஊசி எடுத்த துப்பாக்கி

வெர்னா கெஸ்லர் தன் புருஷனை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அதுதான் முதல் தடவை. படுக்கப்போகுமுன் லைல் தலைமாட்டு மேசையின் இழுப்பறையைத் திறப்பான். ரிவால்வரை எடுத்து உருளையைத் தள்ளி, ஆறு தோட்டாவையும் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவான். மறுபடி மூடி உள்ளே வைத்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, நீ தூங்கு" என்பான். நாற்பது வருஷமாக இதே வழக்கம். அவளும் சரி என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்தத் துப்பாக்கி சுடாது என்பது அவளுக்கும் மெர்லுக்கும் மட்டும்தான் தெரியும்.

மெர்ல் என்பவன் ஊருக்குள் துப்பாக்கி பழுது பார்க்கிறவன். அக்டோபரில் ஒரு காலை, கடை திறக்குமுன்பே அவன் வாசலில் போய் நின்றாள் வெர்னா. கைப்பையில் ரிவால்வர். அவனாகவே உள்ளே கூப்பிட்டுக் காபி ஊற்றிக் கொடுத்தான்.

"லைலுக்கு ரொம்ப மறந்து போகுதா?"

"முந்தாநேத்து ராத்திரி பாத்ரூம் போயிட்டு வந்தேன் மெர்ல். கட்டில்ல உக்காந்துக்கிட்டு இத என் நெஞ்சுக்கு நேரா நீட்டிட்டிருந்தாரு. 'யாருடி நீ, என் பொண்டாட்டிய என்ன பண்ணே'ன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்றேன், நம்பமாட்டேங்கறாரு. அப்படியே நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்."

எடுத்து ஒளித்து வைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தாள். கீழறையில் வேட்டைத் துப்பாக்கிகள் இருக்கும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, பூட்டின் எண்களையும் மாற்றினாள். அன்று ராத்திரி லைல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். மெத்தையைக் கிழித்தான். திருடன் வந்து துப்பாக்கியைக் கொண்டுபோய்விட்டான் என்று ஷெரிஃப் ஆபீஸ் போலீசுக்குப் போன் போட்டான். விடியற்காலையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, உன்னை நான் எதை வைத்துக் காப்பாற்றுவேன் என்று குழந்தை மாதிரி அழுதான். திரும்ப எடுத்து இழுப்பறையில் வைத்தாள். அப்புறம்தான் மெர்லைத் தேடிப் போனது.

"டம்மி தோட்டா போட்டுக் குடுத்தா ஆகாதா?" என்று கேட்டாள்.

"உன் புருஷன் யாரு? பட்டாளத்துல ஆயுதக் கிடங்கு பாத்த ஆளு. தோட்டாவக் கையில வாங்கினதுமே கனத்துல கண்டுபிடிச்சிருவான். தோட்டா நிஜத் தோட்டாவே இருக்கட்டும். அதோட அடியில போய்க் குத்துற ஊசிய நான் எடுத்துர்றேன். விசைய இழுத்தா க்ளிக்னு சத்தம் வரும், அவ்வளவுதான்." மெர்ல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த வட்டாரத்துல இதுக்குன்னு எங்கிட்ட வந்த பொண்டாட்டிங்கள்ல நீ நாலாவது ஆளு. வெளிய யாருக்கும் தெரியாது. உன் விஷயமும் தெரியாது."

அதை அவள் பிறகு ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். சொன்னது தன் மகன் கர்ட்டிடம். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று மாலையே நினைத்தாள்.

நவம்பர் கடைசியில் மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை இருக்கிறதே, எங்கள் மலைப்பக்கத்தில் அன்றைக்கு எவனும் கல்யாணம் வைக்கமாட்டான், வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். கர்ட் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வருஷத்தில் எதற்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவான். முந்தின நாள் வந்து இறங்கினான். அவனைக் கண்டதும் லைலுக்கு எங்கிருந்துதான் தெளிவு வந்ததோ, வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு மேல்சட்டையை எடுத்துப் பார்த்தான், எந்த ஓடையோரம் காத்திருக்கலாம் என்று பேசினான், ஒரு பழைய வேட்டைக் கதையை ஒரு பெயர் பிசகாமல் சொல்லிச் சிரித்தான். வெர்னா முந்தின நாள் பண்டிகையில் மீந்த வான்கோழிக் கறியைச் சூடு பண்ணிக்கொண்டே பார்த்தாள். எரிச்சலாக வந்தது. விருந்தாளி முன்னால் மட்டும் சமர்த்தாக இருக்கும் குழந்தையைப் பெற்றவள் படும் பாடுதான் அவளுக்கும்.

சாப்பிட்டுவிட்டு லைல் குட்டித் தூக்கம் போட்டபோது கர்ட் சொன்னான்: "அப்பா நல்லாத்தானேம்மா இருக்காரு. நீ போன்ல சொன்னத கேட்டு நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

"நீ இருக்கறது மூணு நாள்டா."

"கீழ ரோட்டுல ரெண்டு வீட்ட உடைச்சிருக்கானுங்களாமே. போதைக்கு மாத்திரை திருட வர்றவனுங்க, அவனுங்களுக்குக் கண்ணுமண்ணு தெரியாது. அந்த ஓட்டை ரிவால்வர வெச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு? கை வேற நடுங்குது. நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன். விரல் வெச்சா திறக்கற சின்னப் பெட்டி வருது, கட்டிலோட போல்ட் போட்டுறலாம். பேரப்பிள்ளைங்க வந்தாலும் பயமில்ல."

"யாரோட விரல வெச்சா திறக்கும்?"

"அப்பாவோடதுதான். வேற யாரோட விரலு?"

அப்போதுதான் வெர்னா உண்மையைப் போட்டு உடைத்தாள். அக்டோபர் ராத்திரியைச் சொன்னாள், மெர்லைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள். கர்ட்டின் முகம் சிவந்துவிட்டது.

"செத்த துப்பாக்கியவா அந்த மனுஷன் கையில குடுத்து வெச்சிருக்க? தெனமும் ராத்திரி அதை எண்ணி வெச்சுட்டுப் படுக்கறாரேம்மா. அசிங்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு."

"ராத்திரி எவனாவது உள்ள வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வெளிய இருந்து வர்றவனப் பத்தி எனக்குப் பயமில்லடா. உள்ள இருக்கறவரப் பத்தித்தான் பயம்."

"தூக்கக் கலக்கத்துல ஒரு தடவை நடந்திருக்கு. அதுக்குப் போயி அவர ஆம்பளையே இல்லாம ஆக்கிட்ட. திங்கக்கிழமை நானே மெர்ல்கிட்ட கொண்டு போறேன், ஊசிய திருப்பிப் போடச் சொல்றேன். நீ நடுவுல வராத."

திங்கட்கிழமைக்கு அப்புறம் அவள் எந்தக் கட்டிலில் படுப்பது? அதை அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சொன்னாள்: "காலையில என்னை எழுப்பு. நான் அவர எழுப்பறேன். நீயா போய் எழுப்பாத." அவன் சரி சரி என்று தலையாட்டினான். நாற்பத்தாறு வயது ஆள் அம்மா சொல்லுக்குத் தலையாட்டுவது எந்த அழகில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா.

வேட்டை தொடங்கும் நாள் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எழுந்தவன் விளக்குப் போடாமல் வந்து மற்றவனின் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுக்க வேண்டும். விளக்கைப் போட்டால் கண் இருட்டுக்குப் பழகாது, காட்டில் ஒன்றும் தெரியாது. கர்ட்டுக்குப் பத்து வயதாயிருந்தபோது இதைச் சொல்லிக் கொடுத்ததே லைல்தான். முப்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ காலைகள் ஒருவர் காலை ஒருவர் இழுத்துச் சிரித்திருக்கிறார்கள்.

நாலு மணிக்குக் கதவு திறந்த சத்தத்தில் வெர்னா கண் விழித்தாள். குளிருக்குப் புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாயோடு ஓர் உருவம் கட்டிலின் கால்மாட்டில் குனிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இழுப்பறை திறந்துவிட்டது. எழுபத்தாறு வயது ஆளுக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

க்ளிக்.

அடுத்து இன்னொன்று. அப்புறம் நாலு. அவள் எண்ணினாள். லைல் பதறவில்லை, அவசரப்படவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பட்டாளத்தில் பழகிய மாதிரி, நடு நெஞ்சுக்கு நேராக ஆறையும் இழுத்தான்.

வெர்னா தடுமாறி விளக்கைப் போட்டாள். கர்ட் ஒரு கையால் அப்பாவின் கால் கட்டைவிரலை இன்னும் பிடித்தபடி நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. வெளிச்சம் வந்தும் லைலுக்கு அவனைத் தெரியவில்லை. துப்பாக்கியை ஒருமுறை பார்த்தான், தூக்கி அவன்மேல் எறிந்தான். அது தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. பிறகு முழங்கையால் வெர்னாவைச் சுவரோடு தள்ளி, அவளுக்கு முன்னால் தன் உடம்பை வைத்துக்கொண்டு கையை விரித்தான்.

"வெர்னா, பின்வாசல் வழியா ஓடிடு. துப்பாக்கி கைவிட்டுருச்சு. நான் இவனப் பிடிச்சு நிறுத்தறேன், நீ ஓடு."

அவள் ஓடவில்லை. அவன் தோளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பெற்ற மகனைத் தெரியவில்லை, ஆனால் அவளைத் தெரிகிறது. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும் அந்த மண்டையில் அழியாமல் இருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவன்மேல் வந்த அன்பை அவளாலேயே தாங்க முடியவில்லை. கூடவே, தான் செய்தது சரிதான் என்ற நினைப்பும் வந்தது. அது அன்பைவிடக் கொடுமையாக வலித்தது.

"அப்பா" என்று வாய் திறந்தான் கர்ட். லைல் அவன்மேல் பாயப் போனான். வெர்னா மகனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

கர்ட்டுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. கால்விரலை விட்டான். இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"விட்டுருங்க சார்," என்றான். "தெரியாம வந்துட்டேன். ஒண்ணும் எடுக்கல. போயிர்றேன்."

அப்படியே பின்னாலேயே நடந்து அறையை விட்டுப் போனான். வாசற்கதவு சாத்திய சத்தம் கேட்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, அவன் காலில் காலுறை மட்டும்தான்.

லைல் கட்டிலில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. வெர்னா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், நெற்றி வேர்வையைத் துடைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது.

"ஓடிட்டான் பாத்தியா?"

"ஓடிட்டான்."

"உனக்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் ஆகல லைல்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். விடிய இன்னும் நேரம் இருந்தது. அவள் கையைத் தன் மடியில் வைத்து மெதுவாகத் தட்டிக் கொடுத்தான்.

"கர்ட் இன்னும் எழுந்திரிக்கல போல. அவன்கிட்ட இத சொல்லிடாத," என்றான். "சின்னப் பையன், பயந்துருவான்."