மூன்றாகிப்போன எட்டு

விலாட்ஸ் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராகத் திருச்சபை அலுவலகத்துக்கு வந்து நின்றார். ஒரு கையில் ஊன்றுகோல். இன்னொரு கையில், நட்டு வைக்கக் கொண்டுவந்த பூச்செடி, தொட்டியோடு.

“ரிக்கெயக் காணோம், டோர்த்தெ. கல்லு இருந்த எடத்துல புல்லு மொளச்சிருக்கு.”

ரிக்கெ அவருடைய மகள். ஏழு வயதில், ஃபியோர்டு என்ற கடற்கழியின் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் டோர்த்தெ அவரை உட்காரவைத்து, காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கணினியின் பக்கம் திரும்பினாள்.

சென்ற இலையுதிர்காலத்தில் தோட்டத்தின் பழைய பகுதியைக் காலிசெய்யச் சபை முடிவெடுத்தது. நிலவறையில் வெள்ளம் புகுந்து பதிவேடுகள் கூழாகிப்போயிருந்ததால், கற்களையே படமெடுத்துக் கோப்பாக்கும் வேலை டோர்த்தெயின் தலையில் விழுந்தது. கேமராவிலிருந்து வந்தவை கனமான, மங்கலான மூலப்படங்கள். அவற்றைச் சாதாரணப் படங்களாக மாற்றி, எழுத்தறியும் மென்பொருளிடம் கொடுத்தால், கல்லில் வெட்டிய பெயரும் ஆண்டும் வேர்டு கோப்பில் வரிவரியாக வந்து விழும். பாசியையும் எழுத்தென்று நினைத்து அது செய்யும் கூத்துகளைக் கையால் திருத்த வேண்டும். ஒரு கல்லில் ‘நிம்மதியாக உறங்கு’ என்றிருந்ததை ‘நிம்மதியாக உறுமு’ என்று படித்தது. முதலில் சிரித்தாள். அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு சிரிக்கவும் நேரமில்லை, படத்தையும் கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் நேரமில்லை.

கோப்பில் ரிக்கெ இருந்தாள். 1930–1937. அவ்வளவு பழைய கல்லுக்கு உரியவர்கள் இருக்கமாட்டார்கள் என்று, முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பாமலே எடுத்துவிட்ட முதல் தொகுதியில் சேர்ந்திருந்தாள். டோர்த்தெ மூலப்படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினாள். பாசிக்கு அடியிலிருந்து எட்டுகள் இரண்டும் மெல்ல மேலே வந்தன. 1980–1987. இரண்டுமே மூன்றாகிப் போனதால் கணக்கு எங்கும் உதைக்கவில்லை. அப்படியும் ஏழு வயது, இப்படியும் ஏழு வயது.

அடுத்த அறையிலிருந்த சபைத்தலைவர் பிரெபெனிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எட்டாத் திருத்திடு. பக்கத்துல ‘கடிதம் அனுப்பப்பட்டது’ன்னு சேத்துடு. மனுஷன் இடுப்பெலும்பு ஒடஞ்சு குளிர்காலம் பூரா ஆல்போர்க் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. வீட்டுக்கு என்ன தபால் வந்துச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“அது பொய்யில்லையா, பிரெபென்?”

“திருத்துறதுக்குத்தானே அதக் கோப்பா மாத்தினோம்?”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். எட்டுகளைத் திருத்தினாள். விரல்கள் அத்தோடு நிற்காமல் அந்த இரண்டு சொற்களையும் அடித்து முடித்தன. எதிரே காபி ஆறிக்கொண்டிருந்தது.

“லெட்டர் போட்டிருந்தீங்களா?” என்று திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார் விலாட்ஸ். கோபமாகக் கேட்கவில்லை. “கிரெத்தெதான் என் தபாலெல்லாம் எடுத்து வச்சா. பக்கத்து வீடு. விளம்பரத் தாளுன்னு நெனச்சு நான்தான் கட்டோட அடுப்புல போட்டுட்டேனோ என்னவோ. அவ பனியில போன அன்னைக்கும் நான்தான் பாக்காம விட்டேன். மீன்வலையில சிக்கெடுத்துக்கிட்டுக் குனிஞ்சே இருந்துட்டேன்.”

டோர்த்தெ திரையைப் பார்த்தாள். அழிக்கும் விசையை அழுத்தி, அந்த இரண்டு சொற்களும் முழுதாக மறையும்வரை விரலை எடுக்கவில்லை.

“நீங்க எதையும் தொலைக்கல, விலாட்ஸ். லெட்டரே போடல. மெஷின் வருஷத்தத் தப்பாப் படிச்சுது. நான் சரிபாக்கல.”

அடுத்த அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிரெபென் வெளியே வரவில்லை.

“கல்லு எங்க?”

“ஒடச்சு ஜல்லியாக்கிட்டாங்க.” ஜன்னல் பக்கம் கைகாட்டினாள். “வெளிய, புதுசா வண்டி நிறுத்துற எடத்துல கொட்டியிருக்கு.”

அவர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“படம் இருக்கு. எடுத்துத் தரட்டுமா?”

“வேணாம்மா,” என்றார். செடியை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிரெத்தெயின் கார் ஜல்லியின் நடுவே நின்றிருந்தது. கிரெத்தெ கதவைத் திறந்து பிடித்தபடி, மழை வரப்போகிறது என்று வானத்தைக் காட்டி அவரை அழைத்துக்கொண்டிருந்தாள். விலாட்ஸ் புல் முடியும் ஓரத்தில் நின்றார். ஊன்றுகோலை முன்னால் நீட்டினார். அதன் நுனி ஜல்லியில் படுமுன் பின்னால் இழுத்துக்கொண்டார்.