லிஃப்ட் இல்லாத ஸ்டேஷன்

அவள் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை கம்பி வலைக்குப் பின்னால் நின்று "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் யாராவது மணி கேட்டால்கூட அதே ராகத்தில்தான் பதில் வரும். கணவர் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, அங்கிருக்கும் லிஃப்ட் எந்த வருஷத்து மாடல், எத்தனை மாதத்தில் மக்கர் பண்ணும் என்று சொல்லிவிடுவார். மற்றபடி அதிகம் பேசாத மனிதர்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். பெரிய டாக்டரின் அறையில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் நாலு பக்கப் படம் பார்த்திருந்தாள். ஏரியை ஒட்டி ஒரு ரயில். அவ்வளவு கிட்டத்தில் தண்ணீர். ஆறு வருஷத்துக்கு முன் கம்பெனி அவரை மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பியதும் அதே நாட்டுக்குத்தான்.

"தலைநகரம் மட்டும் போதுமே. அதையே ஒரு வாரத்துல பார்த்து முடிக்க முடியாது" என்றார் அவர்.

"தலைநகரத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? எல்லா நாட்டுலயும் அது ஒண்ணுபோலத்தான் இருக்கும். பெரிய கட்டடம், பெரிய சிலை, சிலை தலைமேல புறா. நான் ரயில்ல போகணும்."

அவர் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். இருபத்துமூன்று வருஷப் பழக்கம்.

இரண்டு மாதம் சாப்பாட்டு மேசை அவள் வசம் போனது. வரைபடத்தை விரித்து, மூலைக்கு ஒரு டானிக் பாட்டில் வைத்து, பச்சைப் பேனாவால் கோடு போட்டாள். தலைநகரத்திலிருந்து ஆற்றங்கரை ஊர், அங்கிருந்து ஏரி ஊர், ஏரி ஊரிலிருந்து சின்ன ரயிலில் மலை ஊர். ஓரிடத்தில் வண்டி மாற பதினோரு நிமிஷம்தான் இருந்தது. முட்டிவலியோடு முடியுமா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியில் அரிசி மூட்டையைப் போட்டு, மாடிப்படியில் ஏறி இறங்கினாள். கீழ்வீட்டு அம்மா "யாராவது காலி பண்றாங்களா?" என்று எட்டிப் பார்த்தாள்.

அவர் ஒன்றுக்கும் குறுக்கே நிற்கவில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

"ஏரி ஊர்ல இறங்க வேண்டாம். நேரா மலைக்குப் போயிடலாம்."

"நல்லா இருக்கே! நான் கிளம்புறதே அந்த ஏரிக்காகத்தான்."

"உன் முட்டியை வெச்சுக்கிட்டு முடியாது. அந்த ஸ்டேஷன்ல லிஃப்ட் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு மேம்பாலம் ஏறணும். நாப்பத்திரண்டு படி."

அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. மறுநாள் மருந்தகத்தில் பக்கத்துக் கவுன்ட்டர் அக்காவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "என் முட்டிக்காக ஸ்டேஷன்ல எத்தனை படின்னு வரைக்கும் தேடிப் பார்த்து வெச்சிருக்கார்க்கா. வெளியே காட்டிக்கத்தான் தெரியாது."

"நீ கொடுத்து வெச்சவ. எங்க வீட்டுல எனக்கு ரெண்டு முட்டி இருக்குன்னாவது தெரியுமோ என்னவோ" என்றாள் அக்கா.

டீ நேரத்தில் போனில் அந்த நாட்டு ரயில்வேயின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஏரி ஊர் ஸ்டேஷனைத் தேடினாள். மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் லிஃப்ட் இருப்பதாகப் போட்டிருந்தது. படமும் இருந்தது. திறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ச் சொன்னாள்.

"ஏங்க, உங்க கவலை தீர்ந்துது! அங்க லிஃப்ட் வெச்சு நாலு வருஷம் ஆச்சாம்!"

அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்படியா? நான் போனப்ப இல்லையே. எந்தக் கம்பெனி லிஃப்ட்?" என்றார்.

கேட்ட பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க எப்போ போனீங்க?" என்றாள்.

"அந்த... பயிற்சி அப்போ. ஒரு நாள் கூட்டிட்டுப் போனாங்க."

"தலைநகரத்துலேர்ந்து அது ஏழு மணி நேரம். ரெண்டு வண்டி மாறணும். எனக்கு மனப்பாடம். ஒரே நாள்ல யார் கூட்டிட்டுப் போவாங்க?"

அவர் நூலைப் பல்லால் கடித்தார். நூல் அறவில்லை.

பயிற்சி மூன்று வாரம்தான். இன்னும் ஒரு வாரம் இழுத்துவிட்டார்கள் என்று அப்போது போனில் சொன்னார். அந்த நாலாவது வாரம்தான் மகள் டைபாய்டில் படுத்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. ஒன்பது நாள் வார்டில் கிடந்தாள். காலையில் கவுன்ட்டர், மதியத்திலிருந்து வார்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம். "அப்பா எப்பம்மா வருவார்?" என்று அந்தப் பிள்ளை ஜுர வேகத்தில் கேட்டபோது, "அவர் என்ன பண்ணுவார் பாவம், கம்பெனி விட்டாத்தானே" என்றாள். அவருடைய அண்ணன் முகத்துக்கு நேராக, "புள்ளை இப்படிக் கிடக்கு, இவன் அங்க என்ன பண்றான்?" என்று கேட்டபோது அவரோடு சண்டையே போட்டாள். இரண்டு வருஷம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

"யார் கூடப் போனீங்க?"

"யாரும் இல்ல."

"நான் கத்தமாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா யாரும் இல்ல. தனியாத்தான் போனேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் பொய் சொன்னால் காது சிவக்கும், இப்போது சிவக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போனது. ஒரு பெண் என்றால் திட்டலாம், சாபம் விடலாம், தலைமுடியைப் பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொள்ளலாம். இங்கே பிடிக்க ஒரு தலைமுடி இல்லை.

"நீ போன் பண்ணினப்ப ஏற்கெனவே ரயில் பாஸ் எடுத்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னார்னு நீதானே சொன்னே. ஒரு வாரம்தானேன்னு..."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குத்திக் கேட்கிறாளா, தெரிந்துகொள்ளக் கேட்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டாவதுதான் என்று நினைத்துக்கொண்டார். ஆறு வருஷம் அடைத்து வைத்தது திறந்துகொண்டது. போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்கார வேண்டுமாம். மூன்றாவது குகை தாண்டியதும் சட்டென்று தண்ணீர் வருமாம், வண்டி ஏரிமேலேயே போவதுபோல இருக்குமாம். ஸ்டேஷன் வாசலில் ரொட்டிக்கடை. அந்தக் கடைக்காரருக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவர் பாஷை தெரியாது, ஆனாலும் மூன்று நாள் காலையிலும் அரை மணி நேரம் பேசினார்களாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மடியிலிருந்த சட்டை நழுவிக் கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றுகூட இந்த மனிதர் இவ்வளவு பேசியதில்லை. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்காகவும் இல்லை, மகளுக்காகவும் இல்லை.

"அந்த ஏழு நாள்ல ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்துடணும்னு தோணுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் கேட்டாள். அவர் யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"தினமும் போன் பண்ணினேனே" என்றார் கடைசியில்.

"சரி. என்னை ஏன் அங்க இறங்க வேண்டாம்னீங்க? யாராவது அடையாளம் கண்டுபிடிச்சுடுவாங்கன்னா?"

"அதில்ல. அந்த ஒரு இடம் மட்டும்..." கையைப் பிசைந்தார். "நீ வேண்டாம்னு இல்லை. அது அப்படியே இருக்கட்டுமேன்னு தோணுச்சு."

அவள் மேசைக்குப் போனாள். பச்சைப் பேனாவை எடுத்து ஏரி ஊரை அடித்தாள். காகிதம் கிழியும் வரை அடித்தாள். "அது உங்களோடது. நீங்களே வெச்சுக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். மகள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "விடும்மா, ஒரு வாரம்தானே? அப்பாவுக்கும் மூச்சு முட்டியிருக்கும். எனக்கு அந்த ஜுரமே சரியா ஞாபகமில்ல. நீயும் ஒரு வாரம் தனியா போயிட்டு வாயேன், சரியாப் போயிடும்" என்றாள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள். மகளுக்கு வேறு ஏதோ அழைப்பு வந்துவிட்டது.

பயண ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்த பெண், "ரெண்டு சீட் போட்டிருந்தீங்களே மேடம், சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கார். ஒரு சீட்டை ரத்து பண்ணிடுங்க."

அவர் தடுக்கவில்லை. கிளம்பும் நாள் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்றார்.

ஏரி ஊரைத் தொடாமல் சுற்றிப் போகும் பாதையில் போனாள். வண்டிகள் சொன்ன நிமிஷத்துக்கு வந்தன. பதினோரு நிமிஷ மாற்றத்தை ஒன்பதே நிமிஷத்தில் முடித்தாள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆற்றங்கரை ஊரில் பாலத்தின் மேல் நின்றபோது, கேஸ் சிலிண்டரின் வால்வை அவர் மூடுவாரா என்று நினைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்தும் மலை ஊருக்கு ஒரு சின்ன ரயில் உண்டு; அது மேலே ஏறும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து ஆஹா ஊஹூ என்றார்கள். அவள் அவருடைய ரத்த அழுத்த மாத்திரை வியாழனோடு தீர்ந்துவிடும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மாத்திரை வாங்கச் சொல்லிச் செய்தி அனுப்பினாள். "வாங்கிட்டேன்" என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

வேண்டாம், நினைக்கவே வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே பனி மூடிய மலை. நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் மோட்டாரை யார் நிறுத்துவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஏழு நாளும் முடிந்தது அவளுக்கு ஐந்து நிமிஷம் முடியவில்லை. கோபம் யார்மேல் வருகிறது என்றே தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்து பெஞ்சுக்காரி ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

மலை ஊரில் மூன்று நாள் திட்டம். ஒரே நாளில் இறங்கிவிட்டாள். மிச்ச இரண்டு நாளும் தலைநகரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது தரை துடைத்திருந்தது. பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. செடிகள் வாடவில்லை. மோட்டாருக்குத் தானாக நிற்கும் சுவிட்ச் ஒன்று புதிதாக மாட்டியிருந்தார்.

"பார்த்தியா, எல்லாத்தையும் சமாளிச்சுட்டேன். நீ அங்க எதைப் பத்தியும் கவலைப்பட்டிருக்க மாட்டியே?" என்றார்.

"இல்லை" என்றாள். பெட்டியைத் திறந்து அழுக்குத் துணிகளைத் தனியாகப் பிரித்து, அவருடைய துணிகளோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டாள்.