நாலாவது சீலமும் பார்டர் புரோட்டாவும்

குற்றாலத்தில் சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு லாட்ஜில்தான் அந்தப் பயிற்சி நடந்தது. சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் துணையாக உட்காரப் பழக்குகிற பௌத்தப் பயிற்சி. சோறும் படுக்கையும் இலவசம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய இசக்கிச்செல்விக்கு இலவசம் என்றாலே சந்தேகம்தான். மதம் மாற்றத்தானே இதெல்லாம் என்று கேட்டே விட்டாள். நோயாளி கேட்காமல் புத்தர் பெயரையே எடுக்கக் கூடாது என்றார் பயிற்சி தரும் ஆனந்தவள்ளி. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. சரக்கைக் காட்டாமல் யாவாரம் செய்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆனாலும் முடித்தால் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை என்றிருந்தார்கள். அந்த வேலை அவளுக்கு வேண்டும்.

பழகிப் பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். அவளுக்கு முதல் நோயாளி சங்கரபாண்டி, ஓய்வு பெற்ற ஏட்டு. ஈரலில் புற்று. அது அவருக்கு மட்டும் தெரியாது. இந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லுவார்கள், படுத்திருப்பவனுக்குச் சொல்ல மாட்டார்கள். மகன் மந்திரமூர்த்தியும் போலீஸ்தான். வாசலிலேயே மறித்து, அப்பாவிடம் வாயைத் திறந்தால் வேலை கிடைக்காமல் செய்துவிடுவேன் என்றான். ஆனந்தவள்ளியோ பௌத்தரின் ஐந்து ஒழுக்கங்களில் நாலாவது சீலத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார்: பொய் கூடாது, கேட்காததைச் சொல்லவும் கூடாது. மாட்டிக்கொண்டால் இந்த அம்மா தன்கூட நிற்பாளா? நிற்க மாட்டாள் என்றே செல்வி வைத்துக்கொண்டாள்.

சங்கரபாண்டி எந்த ஊர் என்று கேட்டார். சுந்தரபாண்டியபுரம் என்றாள். எந்தத் தெரு என்றார். சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி; இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். கீழத்தெரு சார் என்றாள், சாரை அழுத்தி. அவர் மேசையிலிருந்த தம்ளரை தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவர் தலைமாட்டிலிருந்த பொட்டலத்தைக் காட்டினார்.

"பார்டர் புரோட்டா. எம்மவன் கேரளா எல்லைக் கடைக்கே போயி வாங்கிட்டு வந்தான். சுகர்னு சொல்லி இத்தன வருசமா இதக் கண்ணுல காட்டாத பய. வரப்புச் சண்டையில பேச்ச விட்ட தம்பி வந்து காலப் பிடிச்சு விடுதான். நான் ஸ்டேசன்ல எத்தன பேர விசாரிச்சவன். நீ சொல்லுட்டி. நான் பிழைக்க மாட்டேன், அப்படித்தான?"

வராந்தாவில் மந்திரமூர்த்தியின் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு பொய் போதும், வேலை தங்கும். கீழத்தெருவையே மறைக்காதவள் இதை மறைப்பதா?

"ஆமா சார். டாக்டர் அப்படித்தான் சொல்லுதாவ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். ஆறுதலாக ஒரு சொல் அவள் வாய்வரை வந்தது. அதுவும் பொய்தான் என்று விழுங்கினாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த மகன் அவளை முறைத்தபடியே, என்ன சொன்னாள் என்று அப்பாவிடம் கேட்டான்.

"ஒண்ணுஞ் சொல்லல லே. ஊமை மாரி உக்காந்திருக்கா. நாளைக்கும் வரச் சொல்லு. புரோட்டா நல்லாருந்துச்சு."

பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. மகனும் அதைப் பார்த்தான். பார்க்காதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேலை தங்கியது. அவர் சொன்ன பொய்யில் தங்கியது என்பதுதான் செல்விக்குக் கசந்தது. கிளம்பும்போது மேசையைப் பார்த்தாள். தம்ளர் இன்னும் அவர் பக்கமே இருந்தது. நாளைக்கும் அங்கேயேதான் இருக்கிறதா என்று வந்து பார்க்க வேண்டும்.